டிரைவிங் ஸ்கூல் வண்டியில் லைட் ஃப்ளைவீல்

காலை டீயை வாயில் வைத்த நேரம். கிரிவலம் வந்துகொண்டிருந்த ஐந்தாறு பேர் "அரோகரா" போட்டபடி ஒரு காரைத் தள்ளிக்கொண்டு என் ஒர்க்ஷாப்புக்குள் நுழைந்தார்கள். காரின் நெற்றியில் எல் போர்டு. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தவர் தனபால், கல்யாண சமையல் மாஸ்டர். பக்கத்து சீட்டில் பரிமளா, வேங்கிக்காலில் டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறவர்.

"என்னாச்சும்மா?"

"எடுக்க எடுக்க ஆஃப் ஆவுதுண்ணா. ஸ்டார்ட் பண்ணிப் பண்ணி பேட்டரியே இறங்கிடுச்சு."

காரணம் எனக்குத் தெரியும். அதை மாட்டியவனே நான்தான்.

மாட்டிய கதை

பரிமளா ஞாயிற்றுக்கிழமைகளில் மண் டிராக்கில் கார் பந்தயம் ஓட்டுவார். பந்தயத்துக்கும் ஸ்கூலுக்கும் ஒரே வண்டிதான். அதற்கு லைட் ஃப்ளைவீல், அதாவது கனம் குறைந்த ஃப்ளைவீல் வேண்டும் என்று வந்தார்.

இன்ஜினுக்கும் கிளட்ச்சுக்கும் நடுவே இருக்கிற கனமான சக்கரம்தான் ஃப்ளைவீல். சுற்றுகிற வேகத்தைத் தனக்குள் பிடித்து வைத்திருக்கும். கிளட்ச்சை விடும்போது இன்ஜின் திணறினால் அந்த வேகம்தான் கைகொடுக்கும். கனத்தைக் குறைத்தால் ஆக்சிலேட்டரில் கால் பட்டதும் இன்ஜின் சீறும், காலை எடுத்ததும் வேகம் சட்டென்று இறங்கும். சின்ன கியர்களில் பிக்கப் அள்ளும். வளைவுக்கு வளைவு கியர் மாற்றுகிறவர்களுக்கு அது சொர்க்கம். ஆனால் வண்டி நிற்கும்போது ஐட்லிங்கில் இன்ஜின் நடுங்கும். ஊர்ந்து போகிற இடத்தில் கால் கொஞ்சம் தப்பினால் ஆஃப். ஏற்றத்தில் நிறுத்தி எடுப்பது இன்னும் கஷ்டம். பழைய சக்கரத்தையே லேத்தில் கொடுத்து இஷ்டத்துக்குக் கடைந்தால் அதிவேகத்தில் வெடித்துச் சிதறவும் கூடும். அதனால் பேலன்ஸ் பார்த்த ரெடிமேட் சக்கரத்தைத்தான் வரவழைத்து மாட்டினேன்.

"ஞாயித்துக்கிழமைக்கு இது ஜோர்ம்மா. மத்த நாளெல்லாம் இன்னா பண்ணுவீங்க?" என்று கேட்டேன்.

"இதுல கத்துக்கிட்டா எந்த வண்டியையும் ஓட்டிடுவாங்கண்ணா" என்றார். முதல் பந்தயத்திலேயே கப்பும் வாங்கிவிட்டார்.

மாஸ்டரின் முடிவு

தனபால் மாஸ்டர் புதிதாக வேன் வாங்கியிருந்தார். வாடகை டிரைவர் தாமதமாக வந்ததால் ஒரு கல்யாணத்தில் இலை போட்ட பிறகுதான் சாம்பார் அண்டா வந்து இறங்கியது. அந்த அவமானம் தாங்காமல்தான் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தார்.

இப்போது காரிலிருந்து இறங்கி என் முன்னால் நின்றார்.

"எனக்கு கரண்டிதான் ராசிங்க. ஸ்டியரிங் ராசி இல்ல. வேனை வித்துடறேன்."

"உங்க மேல தப்பே இல்ல மாஸ்டர். சக்கரம்தான் காரணம்" என்றேன்.

அவர் குனிந்து டயரைப் பார்த்தார். "காத்து கம்மியா?"

பரிமளாவுக்கு முகம் வாடிவிட்டது. ஏற்கெனவே சிலர் வேறு ஸ்கூலுக்குப் போயிருந்தார்கள். மறுநாள் மாஸ்டருக்கு லைசென்ஸ் டெஸ்ட் வேறு. "பழசையே போட்டுடுங்கண்ணா" என்றார். கியர்பாக்ஸை இறக்கினால்தான் ஃப்ளைவீலைத் தொட முடியும். மற்ற வேலைகளை ஒதுக்கி வைத்துவிட்டு இறக்கினேன். சாயந்திரம் பழைய சக்கரம் ஏறிவிட்டது.

டெஸ்ட்

வண்டி எப்படி இருக்கிறது என்று பார்க்க நானும் போயிருந்தேன். மாஸ்டர் ஏற்றத்தில் நிறுத்தினார். பழக்க தோஷத்தில் ஆக்சிலேட்டரை மிதித்து, கிளட்ச்சை நூல் நூலாக விட்டார். கார் சிங்கம் மாதிரி உறுமிக்கொண்டு ஏறியது. பக்கத்தில் இருந்த இன்ஸ்பெக்டர் டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார்.

"எதுக்குங்க இவ்ளோ ரேஸ் பண்றீங்க?"

"ஆஃப் ஆயிடும் சார்."

"ஆவலையே!"

"ஆவும் சார். இருங்க, பாருங்க."

ஆஃப் ஆகும் என்று காத்திருந்தே டிராக் முழுவதையும் முடித்துவிட்டார். பாஸ் என்று சொன்னதும் இறங்கி, வண்டியின் முன்னால் விழுந்து கும்பிட்டார். பரிமளா என்னைப் பார்த்து, "நான் அன்னைக்கே சொன்னேன் இல்லண்ணா?" என்றார். பிறகு பந்தயத்துக்கென்று அதே மாடலில் தனியாக ஒரு பழைய கார் வாங்கி, லைட் ஃப்ளைவீலை அதில் மாட்டிக்கொண்டார்.

அப்புறம் நான் கேட்கிற கேள்வி

அதிலிருந்து யார் வந்து லைட் ஃப்ளைவீல் கேட்டாலும், என்ன வண்டி என்று முதலில் கேட்பதில்லை. யார் ஓட்டுவார்கள், எங்கே ஓட்டுவார்கள் என்றுதான் கேட்கிறேன். பிக்கப்பைச் சொல்லும்போதே ஆஃப் ஆவதையும் சொல்லிவிட வேண்டும். வீட்டில் அந்த வண்டியைத் தொடுகிற எல்லோருக்கும் அது தெரிய வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்றது அதுதான்.

போன மாதம் ஒரு காலேஜ் பையன் வந்தான். வண்டியை அவனும் அவன் அம்மாவும் ஓட்டுவார்களாம். "அம்மாவைக் கூட்டிட்டு வாப்பா" என்றேன். அம்மா வந்தார். தேரடி வீதி நெரிசலில் வண்டி எப்படிப் படுத்தும் என்று விளக்கமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு சந்தேகம் கேட்டார்.

"பைபாஸ்ல ஓவர்டேக் பண்ண நல்லா இருக்குமா?"

"ஒரு கியர் இறக்கிப் போட்டா ஜோரா இருக்கும்மா."

"அப்ப போட்டுடுங்க. டவுனுக்குள்ள இவன் ஓட்டட்டும்."