அம்மா பொட்டு வைத்த கேமரா

சொல்யூஷன் வாடை... பை ஒட்டுகிற அந்த மஞ்சள் பசையின் வாடை. மூடிய காருக்குள் அது ஏறினால் தலை கிறுகிறுக்கும். தாராவியில் பை தைக்கிற கார்கானாவில், அதாவது பட்டறையில், கட்டிங் வேலை பார்த்த எனக்கு அது பழகிப்போன ஒன்றுதான். செல்வி அக்காதான் நாலு கண்ணாடியையும் இறக்கிவிட்டுக் கத்துவாள்.

"ஏல, என்னைய மயக்கம் போட வச்சிட்டு நீயே ஓட்டிட்டுப் போயிரலாம்னு பாக்கியா?"

காருக்குள் மாட்டுகிற கேமரா ஸ்டாண்டு எது நல்லது என்று நம் வாட்ஸ்அப் குழுவில் ஒரு நண்பர் கேட்டிருந்தார். பதில் எழுதத்தான் உட்கார்ந்தேன். எழுத வந்தது இது.

அப்பா பம்பாயில் கருப்பு மஞ்சள் டாக்ஸி ஓட்டியே எங்களை வளர்த்தவர். அக்கா, அத்தான் இறந்தபின் மகளோடு எங்களிடம் வந்துவிட்டவள். லைசென்ஸ் எடுத்துவிட்டு, ஆப் டாக்ஸி ஓட்டப் போகிறேன் என்று நின்றாள். செகண்ட் ஹேண்டில் ஒரு சின்ன காரும் வந்துவிட்டது. ஆனால் அப்பா சரி என்று சொல்லாமல் சவாரி ஏற்றமாட்டாள். அப்பாவோ பிடி கொடுக்கவில்லை.

"யப்பா, ஒரு ரவுண்டு கூட வந்து பாருங்களேன்."

"நான் பக்கத்துல உக்காந்தா எனக்குப் பயந்து ஒழுங்கா ஓட்டுவ. நான் இல்லாதப்ப எப்படி ஓட்டுதன்னுல்லா தெரியணும்."

அவர் இல்லாமலும் இருக்க வேண்டும், பார்க்கவும் வேண்டும்.

நான்தான் சும்மா இருக்காமல் வாயைக் கொடுத்தேன். "வீடியோ எடுத்துக் காட்டுதோம்."

முதலில் பாத்ரூமில் துண்டு மாட்டுகிற ரப்பர் கப்பை முன் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தேன். வெயில் ஏறியதும் இளகி, நைன்டி ஃபீட் ரோட்டு ஸ்பீடு பிரேக்கரில் போன் அக்கா மடியில் விழுந்தது. டேஷ்போர்டில் வைக்கலாமென்றால் அங்கே பிள்ளையாரும் முருகனும் இடம் பிடித்திருந்தார்கள். அவர்களை நகர்த்த யாருக்குத் தைரியம்?

கடைசியில் எனக்குத் தெரிந்த வேலைக்கே வந்தேன். பைக்கு அடியில் வைக்கிற கெட்டி அட்டையை மடித்து, சொல்யூஷன் தடவி ஒட்டி, மேலே கருப்பு ரெக்ஸின் போர்த்தி, போன் கச்சிதமாக உட்காரும் பாக்கெட் ஒன்று தைத்தேன். குலுங்காமலிருக்க உள்ளே ஸ்பாஞ்ச். லென்ஸ் வருகிற இடத்தில் வட்டமாக ஓர் ஓட்டை. பின்பக்கம் மூடி, பட்டன். முன் சீட் இரண்டின் ஹெட்ரெஸ்டையும் பெல்ட் வாரால் இணைத்து நடுவில் கட்டினேன். அக்காவின் கை, கியர், எதிரே ரோடு... எல்லாம் தெரிந்தது. எனக்கு அன்றைக்குக் கால் தரையில் படவில்லை.

ஆயுத பூஜை வந்தது. அம்மா சந்தனத் தட்டோடு கிளம்பினால் மிக்ஸி, டிவி, தையல் மெஷின் எதுவும் தப்பாது. பூஜை முடிந்து எலுமிச்சம்பழத்தில் ஏற்றி வண்டியை எடுக்கிற அந்த முதல் ஓட்டத்தையே எடுத்துவிடலாம் என்று முடிவு. அக்கா தனியாக மாட்டுங்கா, செம்பூர் போய்த் திரும்ப வேண்டும். நான் ரெக்கார்டிங்கைத் தட்டிவிட்டு, போனைப் பாக்கெட்டில் போட்டுப் பட்டனை மாட்டினேன். டயருக்கடியில் பழம் வைக்கப் போனேன்.

அக்கா முகமெல்லாம் சிரிப்பாகத் திரும்பி வந்தாள். போனை டிவியில் இணைத்துவிட்டு எல்லோரும் உட்கார்ந்தோம்.

முதலில் ஸ்டியரிங்குக்குப் பொட்டு வைக்கிற அம்மா. பிறகு அம்மா நேராகப் பார்க்கிறாள்... கையை நீட்டுகிறாள்... விரல் பெரிதாகிக்கொண்டே வருகிறது...

அப்புறம் திரை முழுக்க மஞ்சள். அதன்மேல் சிவப்பு. செம்பூர் வரைக்கும் சந்தனம்தான்.

"எம்மா, என்ன காரியம் செஞ்சிருக்க!"

"பொட்டு வைக்கத்தான் வட்டமா எடம் விட்டுத் தச்சிருக்கன்னு நெனச்சேன்" என்றாள் அம்மா.

அக்கா சிரிக்கவில்லை. துப்பட்டாவை வாயில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தாள். பாவமாக இருந்தது. வீடியோவை நிறுத்தக் கையை நீட்டினேன்.

"நிப்பாட்டாத. ஓடட்டும்" என்றார் அப்பா.

கண்ணை மூடிக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. கியர் மாறும்போதெல்லாம் அவருடைய இடது கால் கிளட்ச்சை மிதிப்பதுபோல் தரையில் லேசாக அமுங்கியது. "கிங்ஸ் சர்க்கிள் வந்துட்டு" என்று அவராகவே சொல்லிக்கொண்டார்.

செம்பூர் பக்கம் ஓரிடத்தில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் ஒரே ஹார்ன். வண்டி ஓட்டத் தெரியுமா என்று எவனோ கத்தினான்... "ஏ மேடம், காடி சலானா ஆதா ஹை க்யா?" மாட்டிக்கொண்டாள் என்றே நினைத்தேன்.

அப்போது அக்காவின் குரல், மெதுவாகப் போங்கம்மா என்று, அவசரமே இல்லாமல்.

"ஆராம்ஸே ஜாவ் மாவ்ஷி, கோயி ஜல்தி நஹீ."

வயசான அம்மாள் யாரோ ரோட்டைக் கடந்துகொண்டிருந்திருக்கிறாள். அத்தனை வசவையும் வாங்கிக்கொண்டு அக்கா அசையாமல் நின்றிருக்கிறாள். பிறகு கியர் விழுந்தது. வண்டி நகர்ந்தது.

அப்பா கண்ணைத் திறந்தார். செருப்பை மாட்டிக்கொண்டு டீ குடிக்கப் போய்விட்டார். அக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையில் சட்டையைப் போட்டுக்கொண்டு காருக்கு வந்தார். நான் முன்கதவைத் திறந்துவிட்டேன். அவர் பின்கதவைத் திறந்து உட்கார்ந்தார். அப்பா பின் சீட்டில் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"முன்னால உக்காந்தா என் கால் சும்மா இருக்காது. இது உன் வண்டி பிள்ள, நீ ஓட்டு. சயான் ஸ்டேஷனுக்கு விடு."

கண்ணாடியைச் சரிசெய்கிற சாக்கில் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

இப்போது அவள் வண்டியில் இருப்பது கடையில் வாங்கிய கேமரா. எதிரே வருகிற வண்டியின் நம்பர்கூடத் துல்லியமாகத் தெரிகிறது. அதைப் போட்டுப் பார்க்கத்தான் வீட்டில் யாருக்கும் நேரமில்லை. அன்றைக்கு ஒன்றுமே தெரியாத படத்தை மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம்...

மாசாமாசம் செக்கப்புக்கு அப்பாவை ஆஸ்பத்திரிக்கு அக்காதான் கூட்டிப் போகிறாள். நானும் கூட ஏறிக்கொள்வேன். யார் வண்டியில் போனாலும் ரோட்டிலிருந்து பார்வையை எடுக்காத மனுஷன், அவள் ஓட்டினால் முதல் சிக்னல் தாண்டுவதற்குள் தூங்கிவிடுகிறார். ஆஸ்பத்திரி வந்த பிறகும் எழுப்ப மனசில்லாமல், அக்காவும் நானும் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்போம்.