இருசம்மாளின் டச்சுக்காரன் கத்தி

பழவேற்காட்டில் துருப்பிடித்த எந்த இரும்பையும் டச்சுக்காரனுடையது என்று சொல்லி விற்றுவிடலாம். காயலான் கடை அர்ஜுனன் ஒரு தண்ணீர்க் குழாயையே பீரங்கி என்று விற்றவன். அதனால், அவன் கடையில் அந்த மடக்குக் கத்தியைக் கையில் எடுத்தபோதே அவன் என்ன சொல்வான் என்று இருசம்மாளுக்குத் தெரியும்.

"நானூறு வருஷம்க்கா. டச்சுக்காரன் கப்பல்ல வந்தது."

"எடுத்துன்னு போக மறந்துட்டானா?"

"செத்துட்டான்க்கா. கல்லறை இருக்குதுல்ல."

இருசம்மாள் கோட்டைக்குப்பத்துக்காரி. ஐம்பத்திரண்டு வயது. ஏரியில் பிடிபடும் பச்சை நண்டை வாங்கி, கொடுக்கைக் கட்டி, மார்க்கெட்டில் விற்கிறாள். நண்டை ஒரு காலால் அமுக்கி, நைலான் நூலை இரண்டு கையாலும் சுற்றி, பல்லால் கடித்து அறுப்பாள். போன ஆடியில் நூலோடு முன்பல்லும் வந்துவிட்டது. சாதாரணக் கத்தியை இடுப்பில் செருகினால் குனியும்போதெல்லாம் குத்தியது. மடக்குக் கத்திதான் சரி என்று அன்றிலிருந்து தேடிக்கொண்டிருந்தாள்.

நான்கு நண்டுக்குப் பேரம் முடிந்தது. அதில் ஒன்றுக்கு ஒரு கொடுக்குதான் இருந்தது என்பதை அர்ஜுனன் வீட்டுக்குப் போன பிறகுதான் பார்த்தான்.

கத்தி திறக்கவில்லை. அலகு ஒருபக்கம், இன்னொரு பக்கம் தடித்த ஊசி போல ஒரு இரும்பு முள், முனையில் ஒரு வளையம், எல்லாம் துருவில் ஒன்றாக ஒட்டிக் கிடந்தன. அவள் புருஷன் குப்பன் வாங்கிப் புரட்டிப் பார்த்தான்.

"இன்னாமே, கத்தி வாங்குனியா, பூட்டு வாங்குனியா?"

"உன்னக் கட்டிக்கினதவிட இது மோசமில்ல. ஊறப்போட்டா வழிக்கு வரும்."

இரண்டு நாள் மண்ணெண்ணெயில் ஊறியது. மூன்றாம் நாள் மதியம் துணியால் பிடித்து, கொஞ்சம் இழுப்பதும் கொஞ்சம் எண்ணெய் விடுவதுமாக, கத்தியை மெல்லத் திறந்தாள். உள்ளே கறுப்பாக ஒரு கசடு வழிந்தது. அலகு வெளியே வந்ததும் அவளுக்கு வந்த சந்தோஷத்தை யாரிடமும் காட்டவில்லை. குப்பன் தூங்கிக்கொண்டிருந்தான்.

ஆனால் அலகு ஆடியது, தளர்ந்த கதவு மாதிரி. கத்தியை ஐந்து கிலோ எடைக்கல்லின் மேல் வைத்து, அலகைப் பிடியோடு சேர்க்கும் ரிவிட்டின் தலையைச் சுத்தியலால் தட்டினாள். இரண்டு தட்டில் நிற்க வேண்டியதை ஐந்து தட்டிவிட்டாள். மறுபடி இறுகிவிட்டது. எண்ணெய் விட்டு, மடக்கி மடக்கித் திறந்து, ஒரு சாயங்காலம் முழுக்கப் போராடித் தளர்த்தினாள். அடுத்த முறை கூல்டிரிங்ஸ் தகரத்தில் மெல்லிய துண்டு வெட்டி, அலகுக்கும் பிடிக்கும் நடுவில் செருகிவிட்டுத் தட்டினாள். பிறகு துண்டை உருவினாள். அது விட்டுப்போன இடைவெளி அலகு அசையப் போதுமானதாக இருந்தது, ஆடப் போதவில்லை.

மிச்சமிருந்தது அலகை இறுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங். அலகை நகத்தால் இழுத்தால் நகம்தான் பெயர்ந்தது. ஸ்பிரிங்மேல் உரசும் அலகின் அடிப்பகுதியை உப்புத்தாளால் தேய்த்து வழவழப்பாக்கினாள். அப்போதுதான் அலகில் ஒரு சின்ன அம்புக்குறியும் அதன் கீழே 1944 என்ற எண்ணும் தெரிந்தன.

நேராக அர்ஜுனனிடம் போனாள்.

"நானூறு வருஷம்னியே. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திநாலுனு போட்டிருக்குது."

அர்ஜுனன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தான். "அது வருஷம் இல்லக்கா. நம்பர். டச்சுக்காரன் இதுக்கு முன்னாடி ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாப்பத்திமூணு கத்தி செஞ்சிருக்கான்."

இப்படிப் பொய் சொல்பவனிடம் சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது? கல்லாவுக்குப் பக்கத்தில் இருந்த புது உப்புத்தாள் ஒன்றை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அவனும் கேட்கவில்லை.

கத்தியின் நிஜமான ஜாதகத்தைச் சொன்னவன் பக்கத்துத் தெரு விக்கி. காட்டுப்பள்ளி துறைமுகத்தில் வேலை. பழைய நாணயம், கத்தி, லைட்டர் என்று சேர்த்து, போட்டோ பிடித்து வாட்ஸப் குரூப்பில் போடுவது அவன் பொழுதுபோக்கு. அம்புக்குறியைப் பார்த்ததும் திக்குமுக்காடிப் போனான்.

"அத்தே, இந்த அம்பு வெள்ளக்காரன் சர்க்கார் முத்திர. ரெண்டாம் யுத்தத்துல பட்டாளத்துக்குக் குடுத்த கத்தி. நல்ல வெல போவும். நீங்க ஒன்னும் பண்ணலல்ல?"

சொல்லிக்கொண்டே அலகைத் தொட்டவன் முகம் விழுந்துவிட்டது. "சாணை புடிச்சிட்டீங்களா?"

"கத்தியத்தானேடா சாணை புடிப்பாங்க."

"பழைய கத்திய அப்டியே வெக்கணும் அத்தே. தொடக்கூடாது. துரு இருந்தாத்தான் மதிப்பு. பரவால்ல, இப்பவும் குடுங்க, நான் வாங்கிக்கறேன்."

"வாங்கி?"

"கண்ணாடிப் பெட்டில வெப்பேன்."

"அதுல கெடந்து அது இன்னா பண்ணும்?"

"ஒன்னும் பண்ணாது. சும்மா இருக்கும்."

"அந்த மாதிரி ஒன்னு முப்பது வருஷமா என் வூட்ல இருக்குது. வேணும்னா அத எடுத்துக்கினு போ."

வாசலில் உட்கார்ந்திருந்த குப்பனுக்கு ரோஷம் வந்துவிட்டது. எழுந்து வந்து கத்தியைப் பிடுங்கினான். "இந்த முள்ளு எதுக்குனு தெரியுமாடா உனக்கு?"

"குதிரைக் குளம்புல மாட்டுற கல்ல எடுக்கறதுக்குனு படிச்சேன் மாமா."

"குதிர", என்று சிரித்தான் குப்பன். படகிலிருந்து கொண்டுவந்திருந்த நங்கூரக் கயிறு பாதியில் நைந்து கிடந்தது. நைந்த இடத்தை அறுத்தெறிந்தான். முள்ளை முறுக்குக்குள் நுழைத்துப் புரிகளைப் பிரித்து, ஒரு முனையை இன்னொரு முனைக்குள் கோத்து இழுத்தான். பத்து நிமிடத்தில் கயிறு ஒன்றாகிவிட்டது. முடிச்சே இல்லை. விக்கி போட்டோ எடுத்தான். இருசம்மாளும் சேர்ந்த இடத்தைத் தடவிப் பார்த்தாள். இந்த ஆளுக்கு இப்படி ஒரு கை இருப்பது அவளுக்கே கொஞ்சம் மறந்துபோயிருந்தது.

வந்தது வினை. மறுநாளிலிருந்து கத்தி தனக்குத்தான் என்றான் குப்பன். இரண்டு நாள் வாய்ச்சண்டைக்குப் பின் ஒரு ஏற்பாடு ஆயிற்று. விடியலில் அவனோடு கடலுக்குப் போகும், படகு கரை தட்டியதும் அவளோடு மார்க்கெட்டுக்குப் போகும்.

முதல் நாள், வளையத்தில் நைலான் கயிற்றைக் கோத்து, அவன் இடுப்பைச் சுற்றி அவளே இரட்டை முடிச்சாகப் போட்டாள்.

"தண்ணில வுட்ட, நீயும் கூடவே குதிச்சிடு."

"நானே வுழுந்துட்டா?"

இருசம்மாள் முடிச்சை இன்னொரு தரம் இழுத்துப் பார்த்தாள்.

"கயிறு இருக்குதுல்ல. கத்தியப் புடிச்சி இழுத்தா நீயும் வருவ. போ, காத்து மாறப்போவுது."