கழுவக் கூடாத கற்கள்

பாலத்தருகே பஸ்ஸை நிறுத்திப் போலீஸ் சோதனை போட்ட அரை மணி நேரத்தில்தான் அது எனக்குத் தட்டுப்பட்டது. பகாவு ஊருக்கு ஆறு மைல் முன்னால், ஒரு ரப்பர் ஆலையின் புகைக்கூடம் கழுவிய கறுப்பு நீர் ஓடையில் விழுகிறது. பினாயில்போல் மூக்கைக் குத்தும். அங்கே ஒரு மீன் இல்லை. நூறு கஜம் கீழே கற்களெல்லாம் பழுப்பு வழுவழுப்பு பூசிக் கிடந்தன. அதைத் தாண்டியதும் சிறுமீன்கள்! கண்ணுக்குத் தெரியாத கிருமிகள் கூடிக் கல்லில் படலமாக ஒட்டி, நீரிலுள்ள நஞ்சைத் தின்று வாழும் என்று படித்திருக்கிறேன். தின்பதை அன்றுதான் பார்த்தேன்.

பெரியம்மா மகள் மாரியம்மா அக்கா இருக்கும் ரப்பர் தோட்டத்திலும் அதே கறுப்பு நீர்தான். காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போகாமல் தடுக்க அவசரகாலக் கம்பிவேலி போட்டதிலிருந்து பழைய கிணறு வெளியே போய்விட்டது. உள்ளே ஆலை ஓடை மட்டும். அதில் குளிப்பாட்டி அக்காவின் கைக்குழந்தைக்குத் தோல் உரிந்தது. அந்தப் பாலத்தடிப் பழுப்புக் கற்களை அள்ளி வந்து, அடியில் துளையிட்ட டிரம்மில் நிரப்பி, மேலிருந்து ஆலை நீர் சொட்ட வைத்துவிட்டு வந்தேன்.

மூன்று வாரம் கழித்து, ஞாயிறு காலை 7.30. சிரம்பானில் பஸ் ஏறினேன். டிக்கெட் ஒரு வெள்ளி அறுபது காசு. மடியில், ஈரச்சாக்கு சுற்றிய டின்னில், டிரம்மில் கூடுதலாகப் போடப் பாலத்தடியில் முன்பே எடுத்து வைத்திருந்த கற்கள்.

9.45. அதே பாலம். டின்னில் சாப்பாடா என்று போலீஸ்காரர் மலாய் மொழியில் கேட்டார். திறந்து முகர்ந்தவர் தாமே மூடிக் கொடுத்தார்.

11.00. தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்தில், அக்கா வாசலில் டிரம். உள்ளே கற்கள் வெள்ளைவெளேரென்று மின்னின. பழுப்புப் படலம் போயிருந்தது.

"நேத்து தோட்டத்துத் துரை லயம் பார்க்க வந்தாரு தம்பி. கல்லு அழுக்கா இருந்தா ஏசுவாருலா. செவ்வாய்க்கிழமையே சாம்பல் போட்டுத் தேய்ச்சுட்டேன்" என்றார் அக்கா.

தேய்க்கக் கூடாதென்று நான் சொல்லவே இல்லை. யாரைக் குறை சொல்ல? நான் வாய் திறப்பதற்குள் அக்கா குரலைத் தாழ்த்தினார்.

"ஒண்ணு சொல்லவா? கல்லு அழுக்கா இருந்தப்ப தண்ணி வாடை நின்னுபோச்சு. பாப்பா அழாம குளிச்சா. கழுவினேன், மறுபடி நாறுது. நேத்துக் குளிப்பாட்டினேன், துடிச்சுப்போயிட்டா."

குழந்தையின் முதுகைக் காட்டினார். நான் நீண்ட நேரம் பார்க்கவில்லை. ஆய்வுக்கூடத்தில் ஒரு மாதம் தேடியிருக்கக்கூடிய ஆதாரத்தை அவர் சாம்பலும் தேங்காய் நாருமாகத் தந்துவிட்டார். அதற்கு விலை கொடுத்தது குழந்தை.

டின் கற்களை ஒவ்வொன்றாக அடுக்கினோம். துரை வரும் நாளில் மேலே சாக்கைப் போட்டு மூடிவிடுவதாகச் சொன்னார். வாடை போனால் நஞ்சும் போனதென்று அர்த்தமா என்று கேட்டார். தெரியாது என்றேன்.

"அப்ப முதல்ல மீனை விட்டுப் பாரு. அது பொழைச்சா பாப்பாவை விடறேன். அதுவரைக்கும் மழைத்தண்ணி பிடிச்சுத் துடைச்சு விடறேன்."

மாலை ஐந்துக்கு வேலிக் கதவு சாத்துமுன் கிளம்பினேன். சிரம்பானுக்குத் திரும்பி, தெமியாங்கில் என் வீட்டுக் குழாயைத் திருகினேன்; வாடையில்லாத தெளிந்த நீர் கொட்டியது.

புதுக் கற்களின் படலம் டிரம் முழுதும் பரவ மூன்று வாரமாவது வேண்டும். அதன்பின் வரும் ஞாயிறன்று, உயிருள்ள இரண்டு மீன்களோடு அந்தப் பாலத்தருகே நிற்பேன். டின்னில் இருப்பது சாப்பாடு அல்ல என்று போலீஸ்காரரை நம்பவைக்க வேண்டும். பிறகு மீன்கள் பிழைக்க வேண்டும்.