அக்கி என்றால் அரிசி

ஆஸ்பத்திரி ஆயா வேலையில் முழங்கால் வலியை விடப் பெரிய வலி, தெரிந்ததைச் சொல்லலாமா கூடாதா என்பதுதான். பெங்களூர் வார்டுகளில் காத்துக் கிடந்தவர்களுக்கு நான் விளக்கவே வேண்டாம்.

சட்டையைக் கழற்றாமல்

தொண்ணூறுகளில் ஒரு நாள் ஸ்ரீராம்புரத்திலிருந்து செல்வத்தைக் கொண்டுவந்தார்கள். மனைவி மல்லிகா கொடுத்த கிட்னியில் பிழைத்தவர். அதை உடம்பு தள்ளிவிடாதிருக்க மாத்திரை. அந்த மாத்திரையோ நோயை எதிர்க்கும் சக்தியைக் குறைத்துவிடும். இப்போது காய்ச்சல், தலைவலி, உளறல்.

"அக்கியாலதான் டாக்டர் இப்படி ஆயிட்டாரு" என்றாள் மல்லிகா. கன்னடத்தில் அக்கி என்றால் அரிசி. சின்ன டாக்டர் கன்னடக்காரர், கூட்டமோ வாசல்வரை. எனக்கு இரண்டு பாஷையும் தெரியும். ஆனால் சக்கர நாற்காலி தள்ளுகிறவளை யார் கேட்டார்கள்? அவர் எழுதிக்கொண்டே சொன்னார்: "அக்கி பிட்டுபிடி, ராகி கஞ்சி கொடி." அரிசியை விட்டுவிட்டு ராகிக் கஞ்சி கொடுக்க வேண்டுமாம்.

முதுகில் சிங்கம்

மறுநாள் உடம்பு துடைக்கச் சட்டையைக் கழற்றினேன். முதுகெல்லாம் காவி. குயவரிடம் போய் அக்கி எழுதி, காவியால் சிங்கம் வரைந்திருந்தார்கள். காவிக்குக் கீழே கொத்துக் கொத்தாகக் கொப்புளம்.

"நர்சம்மா, என் பொண்டாட்டி எங்க?" என்று செல்வம் மல்லிகாவையே கேட்டார். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முருகா என்று ஓடினேன். "சார், அது அரிசி இல்லை, சர்ப்ப சுத்து" என்று அக்கிக்குக் கன்னடத்தில் உள்ள பேரைச் சொன்னதும் அவர் முகம் வெளுத்தது. சின்ன வயதில் வந்த அம்மைக் கிருமி நரம்பில் பதுங்கியிருந்து, எதிர்ப்பு சக்தி குறைந்தவர்களுக்கு அக்கியாகக் கிளம்பி மூளைவரை போய்விடுமாம். முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள், மருந்து ஏற்றினார்கள். ஓடுகிற ஓட்டத்தில் டாக்டர் கேட்டார்: "நின்னேனே ஹேளபாரதாம்மா?" நேற்றே சொல்லியிருக்கக் கூடாதா என்று.

பதினோராம் நாள்

வேலை முடிந்தும் அந்தக் கட்டிலோரம் நின்று வேண்டிக்கொள்வேன். கட்டிக்கொடுத்த என் பிள்ளைகளுக்குக்கூட அவ்வளவு வேண்டியதில்லை. அவர்களுக்கு நான் வாயை மூடிக்கொண்டு கெடுதல் செய்ததில்லையே.

மருந்துச் சீட்டு மாறியது. சாப்பாட்டுச் சீட்டை மாற்ற யாருக்கும் ஞாபகமில்லை. பதினோராம் நாளும் அதே கிண்ணத்தைத்தான் எடுத்துப் போனேன். செல்வத்துக்கு நோயில் விழுந்த வலது கை இன்னும் எழவில்லை. ஆனால் கண் தெளிந்திருந்தது. கிண்ணத்தைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். "மல்லிகா, நான் என்னடி பாவம் பண்ணேன்? தினம் இந்த ராகிக் கஞ்சிதானா, ஒரு வாய் சோறு கிடையாதா?"

அன்றிலிருந்து நான் சாமியிடம் எது கேட்டாலும், எதற்கும் இருக்கட்டும் என்று, இரண்டு பாஷையிலும் கேட்டுவிடுகிறேன்.