கப்பலில் நான் வாய் திறக்காத பகல்

கப்பலின் வரவேற்பு மேசைமேல் ஒரு கண்ணாடிக் கிண்ணம் நிறைய புளிப்பு மிட்டாய் வைத்திருப்பார்கள். குமட்டல் வருகிறவர்கள் வாயில் அடக்கிக்கொள்வதற்கு. அந்தக் கிண்ணத்தைப் பார்த்தபடி நின்றுதான், கப்பலைத் திருப்ப முடியுமா என்று நான் கேட்டேன். எனக்குத் தெரிந்த அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் நின்ற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவள் சிரிக்கவில்லை. அதற்காகவே அவளை இன்றும் மரியாதையோடு நினைத்துக்கொள்கிறேன்.

விருத்தாசலத்தில் தாலுகா ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பட்டா, சாதிச் சான்றிதழ், ரயில் டிக்கெட் எல்லாம் என் கம்ப்யூட்டரில்தான் பதிவாகும். கப்பலில் போய்வந்தவள் என்று ஊரில் தெரிந்துவிட்டதால், இப்போதெல்லாம் கப்பல் டிக்கெட் போட வருகிறவர்களும் என்னிடம்தான் வருகிறார்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்புவேன். பெட்டியைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள், அது அறைக்கு வந்து சேர நாலைந்து மணி நேரம் ஆகும், அதனால் மாத்திரையும் ஒரு மாற்றுத் துணியும் கைப்பையிலேயே இருக்கட்டும். அறை எடுப்பதானால் கீழ்த் தளத்தில், கப்பலின் நடுவில் எடுங்கள், ஆட்டம் குறைவாக இருக்கும். நடைபாதைகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உங்கள் கதவில் ஒரு ரிப்பன் கட்டிவிடுங்கள். கழுத்தில் மாட்டித் தருகிற அட்டைதான் சாவி, அடையாளம் எல்லாம், குளிக்கும்போது தவிர கழற்றாதீர்கள். கரையை விட்டு விலகியதும் போனில் சிக்னல் போய்விடும், கப்பலிலேயே தனியாக வைஃபை வாங்க வேண்டும். அந்தப் பயணத்தைப் பற்றி இதற்கு மேல் யாரிடமும் பேசியதில்லை.

என்னோடு வந்தவர் என் நாத்தனார். வீட்டுக்காரருக்கு மூத்தவர். நான் அக்கா என்றுதான் கூப்பிடுவேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருக்கிற ஒரு செராமிக் கம்பெனியில், பீங்கான் ஃபியூஸ் கட்டைகளைச் சரிபார்த்துப் பெட்டியில் அடுக்குகிற பிரிவுக்குச் சூப்பர்வைசர். சூளையிலிருந்து வந்த கட்டையை விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டி, சத்தத்தை வைத்தே விரிசலைச் சொல்லிவிடுவார். மாமியார் பக்கவாதம் வந்து படுத்த நான்கு வருடமும் பார்த்துக்கொண்டது அவர்தான். காலையில் குளிப்பாட்டி, ஊட்டிவிட்டு, துணி மாற்றி, கம்பெனிக்குப் போவார். மதியம் சைக்கிளில் வந்து திரும்ப ஊட்டிவிட்டுப் போவார். நான் செய்கிறேன் என்றால் விடமாட்டார். எனக்குப் பொறுமை கிடையாது என்பது அவர் கணிப்பு. அது உண்மையும்கூட.

நாத்தனாரின் கம்பெனியில் சரக்கு எடுக்கும் ஒரு பெரிய வியாபாரி, முதலாளிக்குப் பரிசாக இரண்டு கப்பல் டிக்கெட் கொடுத்தார். சென்னையில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஏறினால், இரண்டு நாள் கடலில் சுற்றிவிட்டுத் திங்கட்கிழமை காலை அங்கேயே இறக்கிவிடுவார்கள். முதலாளியின் மனைவிக்குக் கடல் என்றால் பயம். முதலாளி டிக்கெட்டை நாத்தனார் கையில் கொடுத்து, இத்தனை வருஷத்தில் நீங்கள் ஒரு லீவு கேட்டதில்லை, போய்வாருங்கள் என்றார். நாத்தனார் முடியவே முடியாது என்றார். நானும் வீட்டுக்காரரும் பத்து நாள் பேசிப் பேசிக் கரைத்தோம். அம்மாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று என் வீட்டுக்காரர் கடைக்கு லீவு போட்டார். மூன்று ராத்திரிதானே என்று நான்தான் திரும்பத் திரும்பச் சொன்னேன்.

முதல் நாள் நாத்தனாருக்குக் கப்பல் பிடிக்கவில்லை. கழிவறையில் தண்ணீர் உறிஞ்சுகிற சத்தத்துக்கே திடுக்கிட்டார். ஆபத்துக் காலத்தில் எங்கே கூட வேண்டும் என்று ஆரஞ்சு சட்டை மாட்டிப் பயிற்சி கொடுத்தபோது, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி முன்வரிசையில் நின்று கேட்டுக்கொண்டார். சனிக்கிழமை மதியம்தான் முகம் மாறியது. கூட்டம் குறைந்த நேரமாகப் பார்த்துச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனோம். கண்ணாடி ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. தயிர்சாதம் இருந்தது. அவர் சாப்பிட்டு முடித்துவிட்டும் எழுந்திருக்கவில்லை. அப்படியே தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "எப்ப நான் கடைசியா ஒக்காந்து சோறு தின்னேன்னு யோசிச்சிப் பாக்கறேன். ஞாபகம் வரல" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஒரு கணக்கு வராததைச் சொல்வதுபோலச் சொன்னார்.

வைஃபை என் போனுக்கு மட்டும் வாங்கியிருந்தோம். காலையும் மாலையும் தம்பியிடம் பேசி அம்மாவைப் பற்றிக் கேட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவர் எனக்குக் கொடுத்த வேலை. ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளித்துக்கொண்டிருந்தபோது நான் மேல் தளத்துக்குப் போய்க் கூப்பிட்டேன். விட்டுவிட்டுத்தான் கேட்டது. முதலில் வீட்டுக்காரர் அழுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு சொன்னார், காலையில் காப்பி கொடுக்க எழுப்பியபோது அம்மா எழுந்திருக்கவில்லை, டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார் என்று.

நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அவர் சொன்னது மட்டும் நினைவிருக்கிறது. "அக்காகிட்ட சொல்லாத. நடுக்கடல்ல அது என்னா பண்ணும்? பைத்தியம் புடிச்சிடும். நீங்க வர்ற வரைக்கும் வெச்சிருக்கறேன். எறங்கனதும் சொல்லிக்கலாம்."

அங்கிருந்து நேராகத்தான் வரவேற்பு மேசைக்குப் போனேன். அந்தப் பெண் முழுவதும் கேட்டாள். கப்பலில் இருப்பவர் உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே கப்பலைத் திருப்ப முடியும் என்றாள். நாளைக் காலை ஏழு மணிக்குச் சென்னை, உங்கள் இருவரையும் முதலில் இறங்குகிறவர்கள் பட்டியலில் சேர்க்கிறேன் என்றாள். பிறகு, உங்கள் நாத்தனாரிடம் சொல்ல நான் கூட வரட்டுமா, தனியாக ஓர் அறை இருக்கிறது, தேநீர் கொண்டுவரச் சொல்கிறேன் என்று கேட்டாள். வேண்டாம் என்றேன். சொல்லப்போவதில்லை என்றேன். அவள் என்னைப் பார்த்தாள். மறைக்கக் கூடாது என்று ஓர் அந்நியப் பெண்ணுக்கு அப்போதே தெரிந்திருந்தது, எனக்குத் தெரியவில்லை. அல்லது தெரிந்தும், சொல்கிற தைரியம் எனக்கு இல்லை. வீட்டுக்காரர் சொன்னதை ஒரு குடை மாதிரிப் பிடித்துக்கொண்டேன்.

அறைக்குத் திரும்பினால் நாத்தனார் தலை துவட்டிக்கொண்டிருந்தார். தம்பி பேசினானா, அம்மா சாப்பிட்டார்களா என்று கேட்டார்.

"இட்லி சாப்டாங்களாம்" என்றேன்.

"எத்தினி?"

"ரெண்டு."

அவர் முகம் மலர்ந்ததை என்னால் மறக்க முடியாது. "பரவால்லியே. எங்கிட்ட ஒன்னுக்கு மேல வாயே தொறக்காது. புள்ள கையால குடுத்தா எறங்குது பாரு" என்றார்.

அன்றைக்கு அவர் வைத்திருந்த ஒரே பட்டுப் புடவையைக் கட்டினார். கப்பல் போட்டோக்காரன் படிக்கட்டில் நிற்க வைத்து எங்களைப் படம் எடுத்தான். ஒரு கூடத்தில் குடும்பங்கள் கூடிப் பாட்டுக்குப் பாட்டு விளையாடின. நாத்தனார் முதலில் ஓரமாக நின்றார், பிறகு உட்கார்ந்தார், பிறகு கை தட்டினார், கடைசியில் ஓர் எழுத்துக்கு யாருக்கும் பாட்டு வராதபோது எழுந்து நின்று ஒரு பழைய பாட்டின் இரண்டு வரியைப் பாடினார். எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். இருபது வருடம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறேன், அவர் பாடி நான் கேட்டதில்லை. ஐஸ்கிரீம் இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். நான் ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். குமட்டுகிறது என்றேன். உடனே பையிலிருந்து எலுமிச்சம்பழத்தை எடுத்து நகத்தால் கீறி என் மூக்கருகே பிடித்தார். தூரத்தில் வானமும் கடலும் சேருகிற கோட்டையே பார், சரியாகிவிடும் என்றார். அந்த யோசனையை நான்தான் கிளம்புவதற்கு முன் அவருக்குப் படித்துக் காட்டியிருந்தேன்.

எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் கிடைத்தது. சாப்பிட்டு முடிக்கட்டும். கூட்டம் கலையட்டும். வீட்டுக்காரரிடம் இன்னொரு தடவை கேட்டுக்கொள்ளலாம். சுற்றிலும் தண்ணீர், ஓடிப்போக ஒரு தெரு இல்லை, கட்டிக்கொண்டு அழ ஒரு சொந்தக்காரர் இல்லை. என்னை மாதிரி ஒருத்தியை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எப்படித் தாங்குவார் என்று நினைத்தேன். மேல் தளத்தில் ஆயிரம் பேர் நடந்துகொண்டிருந்தார்கள். அவ்வளவு கூட்டத்திலும் உதவிக்கு ஆள் இல்லாதது போலிருந்தது. நேரம் ஆக ஆக, செய்தியைச் சொல்வதோடு காலையிலிருந்து மறைத்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

பொழுது சாயும்போது கப்பல் கரைக்குக் கொஞ்சம் பக்கமாக வந்தது. மேற்கே மினுக்மினுக்கென்று விளக்குகள் தெரிந்தன. கப்பல் சிப்பந்தி ஒருவர் அதுதான் கடலூர் என்றார். கடலூரிலிருந்து எங்கள் வீட்டுக்கு பஸ்ஸில் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அங்கே தெருவில் பந்தல் போட்டிருப்பார்கள், ஐஸ் பெட்டி வந்திருக்கும், ஊர்ச் சனம் வந்து மகள் எங்கே என்று கேட்டுக்கொண்டிருக்கும். நாத்தனார் கம்பியைப் பிடித்து நின்று அந்த விளக்குகளையே பார்த்தார். "இந்நேரம் அம்மா தூங்கியிருக்கும்" என்றார். நான் ஆமாம் என்றேன்.

இறங்குகிற நாளில் ஏழு மணிக்குக் கப்பல் சேர்ந்தால் ஏழு மணிக்கு இறங்க முடியும் என்று யாரும் நினைக்க வேண்டாம். பெட்டியை முந்தின இரவே அறைக்கு வெளியே வைத்துவிட வேண்டும். கலர் சீட்டுப் பார்த்துக் கூப்பிடுவார்கள். தன் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போகிறவர்கள் முன்னால் போகலாம். நாங்கள் அப்படித்தான் நின்றோம். எதற்கு இத்தனை அவசரம் என்று அவர் கேட்டார். கார் காத்திருக்கிறது என்றேன். கதவு திறக்கவே ஒரு மணி நேரம் ஆனது. கீழே சிமெண்டுத் தரையில் கால் வைத்ததும் சொல்லிவிடுவது என்று வாக்கியத்தை மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தேன்.

துறைமுகம் வந்துவிட்டதால் போனில் சிக்னல் வந்துவிட்டது. அது எனக்குத் தோன்றவே இல்லை. வரிசையில் எனக்கு முன்னால் நின்ற நாத்தனார் பொழுது போகாமல் தன் போனை ஆன் செய்தார். விடாமல் டிங் டிங்கென்று சத்தம் வந்தது. கம்பெனியில் அவரோடு வேலை செய்கிற பெண் ஒருத்தி, தெருமுனையில் வைத்த கண்ணீர் அஞ்சலி பேனரைப் படம் எடுத்து அனுப்பியிருந்தாள். மாமியாரின் பழைய ரேஷன் கார்டுப் படம், சுற்றிலும் ரோஜாப்பூ.

அவர் போனை என் பக்கம் திருப்பினார். "இது எப்ப?" என்று கேட்டார்.

நேற்றுக் காலை என்றேன்.

அவர் எதையோ கூட்டிப் பார்ப்பதுபோல் நின்றார். "நேத்து காலைலயா?" என்றார். பிறகு, "அப்ப ரெண்டு இட்லி?" என்றார்.

வரிசை நகர்ந்தது. பின்னால் இருந்தவர்கள் முன்னால் போகச் சொன்னார்கள். அவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடந்தார். காரில் ஐந்து மணி நேரம் ஒரு வார்த்தை பேசவில்லை, அழவும் இல்லை. உளுந்தூர்பேட்டை தாண்டியதும் தலையில் மிச்சமிருந்த வாடிய பூவை எடுத்து ஜன்னலுக்கு வெளியே போட்டார். வீட்டு வாசலில் இறங்கியபோதுதான் அவர் குரல் வெளியே வந்தது. அதை எழுத எனக்குத் தெரியாது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து, உறவுக்காரர்கள் போன பிறகு, பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது ஒரே ஒரு தடவை அதைப் பற்றிப் பேசினார். கோபமாகப் பேசவில்லை. "நீ சொல்லியிருந்தா நான் அழுதுக்கிட்டாவது வந்திருப்பேன். எங்கம்மா செத்த அன்னிக்கு என்னைப் பாட்டு பாட வெச்சிட்டியே" என்றார். என் வீட்டுக்காரர் இன்றைக்கும், செய்தது சரிதான், சொல்லியிருந்தால் மட்டும் என்ன ஆகியிருக்கும் என்கிறார். ஒன்றும் ஆகியிருக்காதுதான். கப்பல் அதே நேரத்துக்குத்தான் வந்திருக்கும்.

அதற்குப் பிறகும் நாங்கள் ஒரே வீட்டில்தான் இருக்கிறோம். சேர்ந்துதான் சாப்பிடுகிறோம். ஆனால் நான் எதைச் சொன்னாலும், பால்காரர் வந்துவிட்டார் என்று சொன்னால்கூட, அவர் ஒரு கணம் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நகர்வார்.

போன மாதம் கலெக்டர் ஆபீஸ் வேலையாகக் கடலூர் பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அதே நேரம் என் பிறந்த ஊரான சேத்தியாத்தோப்பில் என் அப்பாவுக்கு நெஞ்சுவலி வந்து, ஆஸ்பத்திரி போவதற்குள் முடிந்துவிட்டது. என் தம்பி எங்கள் வீட்டுக்குத்தான் முதலில் கூப்பிட்டிருக்கிறான். அவனும் என் வீட்டுக்காரரும் பேசி, அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, கிளம்பி வா என்று மட்டும் சொல்வதாக முடிவு செய்திருக்கிறார்கள். நாத்தனார் அவர்கள் பேசுவதைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறார். பிறகு தன் போனை எடுத்துக்கொண்டு தெருவில் இறங்கி எனக்குப் போட்டார்.

"ஒங்கப்பா எறந்துட்டாரும்மா. பத்தேகாலுக்கு. பஸ்ஸுல இருக்கறியா? வடலூர்ல எறங்கு, அங்கேர்ந்து சேத்தியாத்தோப்பு பஸ் புடி. நான் போனை வெக்க மாட்டேன். நீ அழுவு" என்றார்.

நான் அழுதேன். பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஓர் அம்மா முந்தானையால் என் முகத்தைத் துடைத்தார். வடலூரில் இறங்கினேன், அடுத்த பஸ் ஏறினேன், காதிலிருந்து போனை எடுக்கவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. மூச்சு விடுகிற சத்தமும், அவ்வப்போது லாரி போகிற சத்தமும் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தன. அப்பா வீட்டு வாசலில் நின்ற கூட்டம் கண்ணுக்குத் தெரிந்ததும், வந்துட்டேங்க்கா என்றேன். சரி, உள்ள போ என்றார். நான் வைக்கும்வரை அவர் வைக்கவில்லை.