என்ன நிறம் என்று கேட்டவர்

அறுவை சிகிச்சை அரங்கின் வாசலில் நானும் என் மனைவி சுகந்தியும் எங்கள் சபைப் போதகரும் இருந்தோம். ஐந்து மாதமாகக் கல்லீரல் டானிக் எழுதித் தந்த காங்கேயத்து டாக்டர் இல்லை. "பெத்தவங்க பண்ணுன பாவமுங்க, அறிக்கை பண்ணுங்க" என்று ஜெபக்கூட்டத்தில் எல்லார் முன்னும் சொன்ன சபை மூப்பரும் இல்லை. உள்ளே எங்கள் இரண்டு வயது எஸ்தர்.

சகோதர சகோதரிகளே, கோபத்தோடுதான் இந்தச் சாட்சியை எழுதுகிறேன். கர்த்தர் மன்னிப்பாராக.

ஜூன் மாதம் குழந்தைக்குக் கண் மஞ்சளானது. குறையும், மறுபடி வரும். வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள். காங்கேயத்து டாக்டரிடம் போகும்போதெல்லாம் அதே டானிக், அதே இரண்டு நிமிடம். ஒருமுறையாவது வயிற்றைத் தொட்டுப் பார்த்தாரா? இல்லை. "மஞ்சக்காமாலைதான், பத்தியமா இருங்க" என்பார்.

சுகந்தி ஒவ்வொரு முறையும் வாய் திறப்பாள். "ஏனுங்க டாக்டர், புள்ள வெளிக்கிப் போறது..."

நான் அடக்குவேன். "சும்மா இரு அம்மணி, அவருக்குத் தெரியாததா?"

எங்கள் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவன் நான். எட்டாவதோடு நின்றவள் டாக்டர் முன்னால் அதைப் பேசுவது எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கத்தை நினைத்தால் இன்றைக்கும் என்மேலேயே பற்றிக்கொண்டு வருகிறது.

நவம்பரில் காய்ச்சல் கொதித்தது. போதகர் சொல்லிக் கோவைக்குப் பஸ் ஏறினோம். குழந்தை மடியில் துவண்டு கிடந்தாள். சுகந்தி பஸ்ஸிலேயே சத்தமாக ஜெபித்தாள்: "அப்பா, சொகத்தக்கூட அப்பறம் குடுங்க. மொதல்ல நாஞ் சொல்றதக் காதுல வாங்கற ஒரு ஆளக் காட்டுங்க."

அரசு மருத்துவமனையில் ஓர் இளம் பெண் டாக்டர் இருந்தார். நான் ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். கையைக் காட்டி நிறுத்தினார். "சார், நீங்க கொஞ்சம் சும்மா இருங்க. அம்மா, நீங்க சொல்லுங்க. பாப்பாவுக்கு மோஷன் என்ன கலர்ல போகுது?"

"சுண்ணாம்பாட்டங்க. அஞ்சு மாசமா இதத்தானுங்க சொல்ல வாரேன்" என்றவள் உடைந்து அழுதாள்.

அன்றைக்கே ஸ்கேன். பித்தக்குழாயில் பிறவியிலேயே நீர்க்கட்டி. பித்தம் குடலுக்கு இறங்க வழியில்லை, அதனால்தான் வெள்ளை. அபூர்வமானதுதான், ஆனால் விட்டிருந்தால் ஈரலே போயிருக்கும் என்றார்கள். காய்ச்சலைத் தணித்து, பத்தாம் நாள் கட்டியை எடுத்து, ஈரலின் குழாயைக் குடலோடு நேரே இணைத்தார்கள். ஆறு மணி நேரம்.

சில நாள் கழித்து டயப்பரைப் பிரித்த சுகந்தி கூவினாள்: "ஏனுங்க, மஞ்சளுங்க! ஸ்தோத்திரம்!" வார்டே சிரித்தது. நான் அழுதேன்.

இப்போது வீட்டில் ஜெபத்தை நடத்துவது சுகந்தி. நான் ஆமென் சொல்கிறேன். கர்த்தரை நம்பிக் கூப்பிடுங்கள், அவர் காதுகொடுக்கிறார். பிள்ளையைப் பெற்றவள் பேசும்போது நீங்களும் காதுகொடுங்கள்.

அறுவை சிகிச்சைக்குக் காப்பீட்டு அட்டையே போதுமாக இருந்தது. எங்கள் கையிலிருந்து ஒரு ரூபாய்கூட இல்லை. யாரும் கேட்காமல் விட்ட ஒரு கேள்விக்காக, ஐந்து மாத டானிக்குக்கு நாங்கள் கொடுத்தது பதினோராயிரத்து நானூறு ரூபாய்.