வெட்டாமல் விட்ட இடம்

என் தங்கை பிரேமாவதி திகாம் பத்து என்ற ஊரில் நடராஜாவின் கண்ணாடிக் கடையில் வேலை செய்தவள். குளியலறைக் கதவுக் கண்ணாடிகளில் பூ வெட்டுவாள். எங்கள் குடும்பத்தில் யாருக்கும் வராத கை அது.

அமெரிக்காவில் நூறு வருடத்துக்கு முன்பு செய்த கண்ணாடிக் கிண்ணங்களைக் கைப்பேசியில் பார்த்து, அதே மாதிரி வெட்டிப் பழகினாள். இண்டு இடுக்கு விடாமல் நட்சத்திரமும் கட்டமுமாக இருக்கும். தடித்த கிண்ணத்தைச் சுழலும் கல்லில் அழுத்தி, உள்பக்கம் வழியாகப் பார்த்தே வெளிப்பக்கத்தை வெட்ட வேண்டும். ஆழம் கூடினால் உடைந்துவிடும். அவளும் நிறைய உடைத்தாள்.

கடைசியில் ஒன்று கைகூடியது. மேலும் கீழும் நெருக்கமான நட்சத்திரங்கள். நடுவில் நாலு விரல் அகலத்துக்கு ஒன்றுமே இல்லை. நடவுக்கு முன் தண்ணீர் கட்டிய யான் ஊர் வயல் மாதிரி இருக்கட்டும் என்று விட்டாளாம். படத்தைப் பார்த்ததுமே பினாங்குக் கண்காட்சிக்குத் தேர்ந்தெடுத்தார்கள். அவள் பெயரில் வெளியே போகும் முதல் பொருள்.

அதற்குள் கோயில் திருவிழா வந்தது. பன்னீர் வைக்க நடராஜா கிண்ணத்தைக் கேட்டார்.

“ஒரு நாளைக்குத்தான்லா பிரேமா. என் கடைக் கல்லுலதானே வெட்டுன?”

கொடுத்தாள். திரும்பி வந்தபோது வெற்றிடம் முழுக்க எழுத்து: ‘உபயம்: நடராஜா குடும்பத்தார்.’ எவர்சில்வர் சட்டிக்குப் பெயர் வெட்டுகிறவன் அதே மெஷினால் கிறுக்கியிருந்தான்.

நாங்கள் இருவரும் போய் நடராஜாவைக் கேட்டோம்.

“எடம் சும்மா கெடந்துச்சு, போடச் சொன்னேன். கோயிலுக்குப் போற சாமான்ல பேரு இல்லாட்டி யாரு குடுத்ததுன்னு எப்படித் தெரியும்?”

“செஞ்சது யாருன்னு தெரிய வேணாமா அண்ணே?” என்றேன்.

“அட, கோவிச்சுக்காதம்மா. கீழ சின்னதா இவ பேரையும் வெட்டச் சொல்றேன். போதுமா?”

தங்கை சிரித்தாள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடிக்கவில்லை.

தேய்த்து எடுத்தால் கிண்ணம் மெலிந்து வெடிக்கும். இன்னொன்று வெட்ட நாளில்லை. அவளே பினாங்குக்குப் போன் போட்டு, வரவில்லை என்றாள். அவள் இடத்தில் வேறு யாருடைய ஜாடியோ வைத்தார்கள்.

இப்போது பீடோங் பக்கம் ஒரு ஃபேக்டரியில் கையுறைகளில் ஓட்டை இருக்கிறதா என்று பார்க்கிறாள். பெயர் போட்டதற்கு வேலையை விட்டாள், திமிர் பிடித்தவள் என்று நடராஜா எல்லாரிடமும் சொல்கிறார். அவள் கடையிலேயே விட்டுவந்த கிண்ணத்தைக் கோயிலுக்கே கொடுத்துவிட்டார். அதில் குங்குமம் வைத்திருக்கிறார்கள். வெள்ளிக்கிழமை இருவரும் போனால் நான் அதில் தொட்டு வைத்துக்கொள்வேன். அவள் வெறும் நெற்றியோடு வீட்டுக்கு வருவாள்.